பயணி பார்க்கும் மேகத்தை விமானி பார்க்கக் கூடாதா?

"விமானி அறைக்குள் இணையம் எதற்கு? ஓட்டுகிற வேலையை ஒழுங்காகப் பார்த்தால் போதாதா?" விமானப் பயணம் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் யாராவது ஒருவர் இதைக் கேட்டுவிடுகிறார். படித்தவர்கள் கேட்கிறார்கள், தொலைக்காட்சி விவாதங்களில் கேட்கிறார்கள், வரைபடத்தையும் ராடாரையும் மட்டும் நம்பிப் பறந்து ஓய்வுபெற்ற மூத்த கேப்டன்கள் சிலரும் கேட்கிறார்கள். கேட்க நியாயமாக இருப்பதால் யாரும் எதிர்த்துப் பேசுவதில்லை. கார் ஓட்டுகிறவர் கைபேசியைப் பார்த்தால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். முப்பத்தைந்தாயிரம் அடி உயரத்தில் இருநூறு உயிர்களோடு போகிறவருக்கு மட்டும் அதை எப்படி அனுமதிப்பது என்று கேள்வி அங்கேயே முடிந்துவிடுகிறது.

அது அங்கே முடியக் கூடாது. நெரிசலான சாலையில் காரோட்டி ஒரு நொடி கண்ணை எடுத்தால் முன்னால் போகும் லாரியில் மோதுவார். பயண உயரத்தை எட்டிவிட்ட ஜெட் விமானத்தில் ஆட்டோபைலட் விமானத்தை நடத்துகிறது. விமானிகள் இருவர் இருக்கிறார்கள். அந்த மணிநேரங்களில் அவர்களுடைய தலையாய வேலையே அடுத்த இருநூறு, முந்நூறு மைலில் என்ன காத்திருக்கிறது என்று அறிந்து முன்கூட்டியே முடிவெடுப்பதுதான். அந்த வேலைக்கு வேண்டிய தகவலுக்குத்தான் கவனச்சிதறல் என்று பெயர் சூட்டி வாசலுக்கு வெளியே நிறுத்தி வைத்திருக்கிறோம்.

நம் நாட்டு நிலையைப் பாருங்கள். விமானங்களிலும் கப்பல்களிலும் இணைய இணைப்பு தருவதற்கான விதிகள் 2018-இல் வந்தன. 2020-இல் விமான விதிகள் திருத்தப்பட்டு, பறக்கும்போது பயணிகள் வைஃபை பயன்படுத்த வழி திறந்தது. அதற்கு ஒப்புதல் தரும் அதிகாரம் அந்த விமானத்தின் கேப்டனுக்கு. இந்திய வான்வெளியில் 3,000 மீட்டருக்கு மேல் போன பிறகே பயணிகளின் வைஃபை இயங்கலாம் என்று 2024 நவம்பரில் வரையறுத்தார்கள். 2025 ஜனவரியில் ஏர் இந்தியா தன் உள்நாட்டுத் தடங்களில் சில விமானங்களில் இதைத் தொடங்கியது. ஆக, ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் பயணி நம் வானிலைத் துறையின் இன்சாட் படத்தைத் திறக்கலாம். ஜப்பானின் ஹிமாவாரி செயற்கைக்கோள் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எடுக்கும் படத்தைத் திறக்கலாம். வங்கக் கடலில் மேகம் எங்கே திரள்கிறது என்று விரலால் பெரிதாக்கிப் பார்க்கலாம். அந்த இணைப்புக்கு ஒப்புதல் தந்த கேப்டனுக்கு அதே படம் கிடைக்குமா என்பது அவருடைய நிறுவனத்தின் மனதையும் கணக்குப் புத்தகத்தையும் பொறுத்தது. இந்த ஏற்பாட்டைப் பாதுகாப்பு என்று எப்படி அழைக்கிறார்கள் என்பது எனக்கு விளங்கவில்லை.

விமானியிடம் இப்போது என்னதான் இருக்கிறது? கிளம்பும் முன் ஒரு கட்டு விவரம் தருவார்கள். பாதை, எரிபொருள், மேல்காற்று, வானிலை முன்னறிவிப்பு எல்லாம் அதில் இருக்கும். காகிதமாகவோ டேப்லெட்டிலோ வந்தாலும் சரக்கு ஒன்றுதான், கையில் வந்த நொடியிலிருந்து அதற்கு வயது கூடத் தொடங்குகிறது. சென்னையிலிருந்து லண்டன் போகும் விமானம் தரையிறங்கும் நேரத்தில் அந்த முன்னறிவிப்புக்கு அரை நாள் வயதாகியிருக்கும். நடுவழியில் புதிதாக ஏதும் தெரிய வேண்டுமானால் ஏகார்ஸ் என்ற செய்தி முறை உண்டு. 1978-இல் பிறந்தது அது. சாதாரண வி.எச்.எஃப். வானொலி வழியே நொடிக்கு 2,400 பிட் வேகத்தில் எழுத்துகளை அனுப்பும். ஆபத்தான வானிலைக்கான சிக்மெட் எச்சரிக்கையும் எழுத்து வரிசையாகத்தான் வரும்: ஓர் அட்சரேகை, ஒரு தீர்க்கரேகை, மறுபடி ஓர் அட்சரேகை, ஒரு தீர்க்கரேகை. அந்தப் புள்ளிகளை நள்ளிரவில் மனதுக்குள் கோடு போட்டு இணைத்து, தன் பாதையை அதன்மேல் வைத்துப் பார்த்து, இடமா வலமா என்று விமானி கணிக்க வேண்டும். ஒரு சிக்மெட் பொதுவாக நான்கு மணி நேரம் வரை செல்லுபடியாகும். ஓர் இடிமேகம் பிறந்து, முற்றி, கரைந்துபோக ஒரு மணி நேரம் போதும்.

கீழே நிறுவனத்தின் அனுப்பீட்டு அலுவலர் (டிஸ்பேட்சர்) ஒருவர் உட்கார்ந்து கவனித்துக்கொள்கிறாரே என்று சொல்வார்கள். கவனிக்கிறார், உண்மை. ஒரே நேரத்தில் பல விமானங்களைக் கவனிக்கிறார். தன் திரையில் படமாக இருப்பதைச் சொற்களாக்கி அனுப்புகிறார். மேலே இருப்பவர் அந்தச் சொற்களைத் திரும்பப் படமாக்கிக்கொள்கிறார். இருவரும் ஒரே படத்தைப் பார்த்தபடி பேசினால் அந்தப் பேச்சே வேறாக இருக்கும்.

இனி ராடார். மறுப்பாளர்களின் பெரிய ஆயுதம் அதுதான்: விமானத்தின் மூக்கிலேயே வானிலை ராடார் இருக்கும்போது இணையப் படம் எதற்கு? ராடார் மகத்தான கருவி, அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அது எதைக் காணாது என்பதைக் கற்க ஒரு விபத்தின் விசாரணை அறிக்கையைப் படித்தால் போதும். 1977 ஏப்ரல் 4 அன்று சதர்ன் ஏர்வேஸ் 242, டி.சி.-9 ரக விமானம், அமெரிக்காவின் ஹன்ட்ஸ்வில்லிலிருந்து அட்லாண்டாவுக்குக் கிளம்பியது. குறுகிய பயணம்தான். ஜார்ஜியாவின் மேல் கடும் இடிமழை வரிசை கட்டி நின்றது. விமானிகள் ராடாரைப் பார்த்தார்கள். ராடார் அலையைக் கனமழை உறிஞ்சிக்கொள்ளும். அலை திரும்பி வராத இடம் திரையில் கருப்பாக நிற்கும். மேகமே இல்லாத இடமும் கருப்பாகத்தான் நிற்கும். முன்னால் இருந்த மழை தனக்குப் பின்னால் இருந்த இன்னும் கொடிய மழையை மறைத்துவிட்டது. வழி இருக்கிறது என்று நினைத்த இடத்துக்குள் அவர்கள் நுழைந்தார்கள். ஆலங்கட்டி முகப்புக் கண்ணாடியை உடைத்தது. நீரையும் பனிக்கட்டியையும் விழுங்கிய இரண்டு எஞ்சின்களும் செத்துப்போயின. நியூ ஹோப் என்ற ஊரின் நெடுஞ்சாலையில் இறக்கப் பார்த்தார்கள். விமானத்தில் இருந்தவர்களில் 63 பேர், தரையில் இருந்தவர்களில் 9 பேர், மொத்தம் 72 பேர் இறந்தார்கள்.

அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் இந்த விபத்துக்குத் துணைபோன காரணங்களாக எழுதியவற்றை விமானி அறையில் இணையம் வேண்டாம் என்கிற ஒவ்வொருவரும் ஒருமுறையாவது படிக்க வேண்டும். பாதையில் இருந்த கடும் வானிலை பற்றிய புதிய தகவலை நிறுவனத்தின் அனுப்பீட்டு முறை விமானிகளுக்குச் சேர்க்கவில்லை. இடிமேகப் பகுதியைக் கடக்கக் கேப்டன் விமானத்தின் ராடாரை நம்பினார். அபாய வானிலைத் தகவலை உடனுக்குடன் விமானிகளிடம் சேர்க்க முடியாத நிலையில் வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டு முறை இருந்தது. மூன்றில் இரண்டு, மேலே போய்ச் சேராத தகவலைப் பற்றியவை. மூன்றாவது, அந்தத் தகவல் இல்லாதபோது ராடார் ஒன்றையே பிடித்துக்கொள்ள நேர்ந்ததைப் பற்றியது. 1977-இல் அந்தத் தகவலை உடனுக்குடன் படமாக அனுப்பத் தொழில்நுட்பம் இல்லை. இன்று இருக்கிறது.

ராடாரின் தொலைவு இன்னொரு சிக்கல். திரையில் நூற்றுக்கணக்கான மைல் காட்டினாலும், ஒரு மேகத்தின் உருவத்தையும் வலிமையையும் நம்பிக்கையோடு சொல்ல அது நெருங்கி வர வேண்டும். எண்பது கடல் மைல் தொலைவில் தெளிவாகத் தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு ஏழெட்டுக் கடல் மைல் போகும் ஜெட் விமானத்துக்கு அது பத்து நிமிடம். அதற்குள் மேகத்தை அளந்து, எந்தப் பக்கம் என்று முடிவெடுத்து, கட்டுப்பாட்டு அறையிடம் கேட்டு, அனுமதி வாங்கித் திரும்ப வேண்டும். அனுமதி மறுக்கப்பட்டால்?

மறுக்கப்பட்டது. 2025 மே 21 அன்று டெல்லியிலிருந்து ஸ்ரீநகர் சென்ற இண்டிகோ 6இ 2142 விமானத்தில் இருநூறுக்கும் மேற்பட்ட பயணிகள் இருந்தார்கள். பதான்கோட் அருகே 36,000 அடியில் மோசமான வானிலை. இடப்பக்கம், எல்லையை நோக்கி விலக விமானிகள் விமானப்படையின் வடக்குக் கட்டுப்பாட்டு அறையிடம் கேட்டார்கள், ஒப்புதல் கிடைக்கவில்லை. லாகூரைக் கேட்டார்கள், இரு நாடுகளும் ஒன்றுக்கொன்று வான்வெளியை மூடியிருந்த நேரம் அது, லாகூரும் மறுத்தது. திரும்பிவிடலாம் என்று முதலில் முயன்றார்கள். அதற்குள் மேகம் மிக அருகில் வந்துவிட்டதால் ஊடுருவிப் போவதென்று முடிவெடுத்தார்கள். ஆலங்கட்டி தாக்கியது, ஆட்டோபைலட் விடுபட்டது, வேகம் காட்டும் கருவிகள் நம்பகம் இழந்தன, ஒரு கட்டத்தில் விமானம் நிமிடத்துக்கு 8,500 அடி வீதத்தில் இறங்கியது. மூக்கு நொறுங்கிய நிலையில் அதை ஸ்ரீநகரில் பத்திரமாக இறக்கிய அந்த விமானிகளை நான் வணங்குகிறேன். விமானப் போக்குவரத்து இயக்குநரகமே வெளியிட்ட இந்த விவரத்தில் என்னை நிறுத்திவைப்பது ஒரே ஒரு செய்தி: திரும்புவதற்கு இடமில்லாத அளவுக்கு மேகம் நெருங்கிவிட்டது. அரை மணி நேரத் தொலைவில் அந்த மேகக் கூட்டத்தின் முழு உருவமும் தெரிந்தால் வலப்பக்கம் சுற்றலாம், அமிர்தசரஸில் இறங்கலாம், டெல்லிக்கே திரும்பலாம். எல்லைக்கோடு ஒருபுறமும் இமயமலை மறுபுறமும் நெருக்கும் தடத்தில் விமானிக்கு வேண்டியது தொலைவு, அந்தத் தொலைவை ராடாரால் மட்டும் தர முடியாது.

மிக உயரத்தில் ராடாருக்கு இன்னொரு குறையும் உண்டு. அது மழைத்துளியை நன்றாகக் காணும், பனித்துகளை மங்கலாகத்தான் காணும். இடிமேகத்தின் உச்சி முழுக்கப் பனித்துகள்தான். 2009 ஜூன் 1 அன்று அட்லாண்டிக்கின் மேல் ஏர் பிரான்ஸ் 447 விழுந்து 228 பேர் இறந்ததற்குத் தொடக்கப்புள்ளி, வேகமானிக் குழாய்களைப் பனித்துகள் அடைத்தது. அதன்பின் நடந்ததற்கு விமானம் கையாளப்பட்ட விதமே காரணம். இணையம் இருந்தால் அது தப்பியிருக்கும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அதே இரவில் அதே தடத்தில் பின்னால் வந்த இன்னொரு ஏர் பிரான்ஸ் விமானத்தின் கதை முக்கியமானது. அதன் ராடார் திரையும் முதலில் அதிகமாக ஒன்றும் காட்டவில்லை. உணர்திறனைக் கூட்டிய பிறகே மேக வரிசை வெளிப்பட்டது, அந்த விமானம் கிழக்கே வெகுதூரம் விலகிப் போயிற்று. ஒரு குமிழைத் திருகியதா இல்லையா என்பதில் அன்றைய இரவின் பாதை மாறியது. அதே நேரத்தில் அந்த மேகக் கூட்டம் விண்வெளியிலிருந்த செயற்கைக்கோளின் கண்ணில் முழுதாகப் பட்டுக்கொண்டிருந்தது. 2024 மே 21 அன்று மியான்மர் மேல் 37,000 அடியில் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 321 சில நொடிகள் குலுங்கி ஒருவர் இறந்தார், பலர் காயமடைந்தார்கள். வளர்ந்துகொண்டிருந்த மேகப் பகுதியின் மேலாக அது பறந்திருக்கலாம் என்பது சிங்கப்பூர் விசாரணையாளர்களின் தொடக்கக் கணிப்பு. எரிமலைச் சாம்பலோ ராடாருக்குச் சற்றும் தெரியாது: 1982 ஜூன் 24 அன்று ஜாவாவின் கலுங்குங் எரிமலைச் சாம்பலில் பிரிட்டிஷ் ஏர்வேஸ் 747-இன் நான்கு எஞ்சின்களும் நின்றன, தங்களைச் சூழ்ந்தது என்ன என்று விமானிகளுக்கு அப்போது தெரியவில்லை.

கவனச்சிதறலுக்கு வருவோம். எல்லோரும் காட்டும் சாட்சி நார்த்வெஸ்ட் 188. 2009 அக்டோபர் 21 அன்று மினியாபொலிஸில் இறங்க வேண்டிய ஏ320 விமானம் ஊரைத் தாண்டி நூறு மைலுக்கும் மேல் போய்விட்டது. ஒரு மணி நேரத்துக்கும் மேல் வானொலிக்குப் பதில் இல்லை. இரு விமானிகளும் மடிக்கணினியில் மூழ்கியிருந்தார்கள், அவர்களுடைய உரிமம் பறிக்கப்பட்டது. சரியான தண்டனைதான். ஆனால் அவர்கள் எதில் மூழ்கியிருந்தார்கள்? நிறுவனங்கள் இணைந்த பின் வந்த புதிய பணி அட்டவணை முறையைப் பற்றிய பேச்சில். அதே பேச்சைக் காகிதத்தை வைத்துக்கொண்டும் பேசியிருக்கலாம்.

1972 டிசம்பர் 29 அன்று ஈஸ்டர்ன் 401 மியாமி அருகே சதுப்புநிலத்தில் விழுந்து 101 பேர் இறந்தார்கள். விமானி அறையில் இருந்த எல்லோரும் எரியாத ஒரு சிறு விளக்கைப் பற்றியே ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். ஆட்டோபைலட் உயரத்தை விட்டுவிட்டதை யாரும் பார்க்கவில்லை. 1974 செப்டம்பரில் ஈஸ்டர்ன் 212 சார்லட் அருகே விழுந்தது. தரையிறங்கும் நேரத்தில் விமானிகள் அரசியலும் பழைய கார் விலையும் பேசிக்கொண்டிருந்தார்கள். முதல் விபத்துக்குப் பிறகு விமானங்களிலிருந்து விளக்குகளை யாரும் கழற்றவில்லை. இரண்டாவதற்குப் பிறகு விமானிகளின் வாயைக் கட்டவில்லை. ஒருவர் சிக்கலைப் பார்த்தால் மற்றவர் விமானத்தை மட்டுமே பார்க்க வேண்டும் என்று பயிற்சியை மாற்றினார்கள். பத்தாயிரம் அடிக்குக் கீழே பணிக்குத் தொடர்பில்லாத பேச்சும் செயலும் கூடாது என்று 1981-இல் விதி எழுதினார்கள். ஐம்பது ஆண்டுகளாக விமானப் பாதுகாப்பை வளர்த்த வழி இதுதான். இணையம் என்றதும் மட்டும் இந்த வழியை மறந்துவிட்டுப் பூட்டைத் தேடுகிறோம்.

எதிர்த்தரப்பின் வலுவான சாட்சியையும் மறைக்கக் கூடாது. 2011 ஆகஸ்டில் மிசூரியின் மாஸ்பி அருகே ஒரு மருத்துவ ஹெலிகாப்டர் எரிபொருள் தீர்ந்து விழுந்து நால்வர் இறந்தார்கள். அன்று அதன் விமானி கைபேசியில் சொந்த விஷயமாகக் குறுஞ்செய்திகள் அனுப்பிக்கொண்டிருந்ததும் ஒரு காரணம் என்று விசாரணை சொன்னது. இது அச்சுறுத்தும் செய்தி, சொந்தக் குறுஞ்செய்திக்கு விமானி அறையில் இடமில்லை. அமெரிக்கா 2014-இல் கொண்டுவந்த விதி இதைத்தான் செய்தது: பெரிய விமான நிறுவனங்களின் விமானிகள் பணியிடத்தில் சொந்தப் பயன்பாட்டுக்கு மடிக்கணினியையும் கைபேசியையும் தொடக் கூடாது, விமானப் பணிக்கான பயன்பாட்டுக்கு அந்தத் தடை இல்லை. அந்த விதியைக் காட்டித்தான் இணையமே தடைசெய்யப்பட்டது என்று நம்மூரில் பேசுகிறார்கள். விதியின் பாதியை மட்டும் படித்துவிட்டுப் பேசும் பேச்சு அது.

நான் மதிக்கும் எதிர்வாதம் ஒன்று உண்டு: படம் பழையதாக இருக்கும். திரையில் ஐந்து நிமிடத்துக்கு முந்தையது என்று காட்டும் ராடார் தொகுப்புப் படத்தின் உண்மையான வயது, சில சமயம் அதைவிடப் பதினைந்து, இருபது நிமிடம் கூடுதலாக இருக்கலாம் என்று அமெரிக்கப் பாதுகாப்பு வாரியம் 2012-இல் சிறு விமான ஓட்டிகளை எச்சரித்தது. அப்படிப்பட்ட படத்தை நம்பி இரண்டு மேகங்களுக்கு நடுவே சந்து தேடி நுழைந்தால் உயிர் போகும். ஆகவே இணையப் படத்தை வைத்து மேகத்துக்குள் வழி தேடக் கூடாது. நூறு, இருநூறு மைலுக்கு முன்பே எந்தப் பக்கம் சுற்றுவது என்று முடிவெடுக்கத்தான் அது. அருகில் வந்த பிறகு ராடாரும் கண்ணும்தான். இதைக் கற்றுக்கொடுக்கப் பயிற்சி வேண்டும், படத்தின் வயதைப் பெரிய எண்ணில் காட்டும் திரை வேண்டும். பயிற்சி தேவைப்படுகிறது என்பதற்காக ஒரு கருவியை மறுப்பது என்றால் ராடாரையே மறுத்திருக்க வேண்டும். சதர்ன் 242-ஐ ஏமாற்றியது அதுதான்.

இணையம் வழியே விமானத்தின் கணினிகளுக்குள் ஊடுருவித் தாக்குவார்கள் என்ற பயத்துக்கு நீண்ட பதில் தேவையில்லை. விமானியின் டேப்லெட் விமானத்தை இயக்கும் கணினிகளோடு கட்டளை பேசுவதில்லை. விமானத்திலிருந்து தகவலை வாங்கிக்கொள்ளும்படி மட்டும் இணைப்பை அமைக்க முடியும். அதைக் கண்காணிப்பது ஒழுங்குமுறை அமைப்பின் அன்றாட வேலை.

அதைவிடப் பெரிய ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. நிறுவனம் தராததை மனிதர் தாமே தேடிக்கொள்வார். 2024-இல் ஸ்டார்லிங்க் மினி வந்தது. ஒரு கிலோவுக்குச் சற்று அதிக எடை, முதுகுப்பையில் அடங்கும் செயற்கைக்கோள் இணையத் தட்டு. அமெரிக்காவில் சிறு விமானம் ஓட்டுகிறவர்கள் அதை முன்கண்ணாடிக்குக் கீழே வைத்துப் பறக்கிறார்கள். பெரிய ஜெட் விமானத்தில் அந்தப் பழக்கத்தை நான் ஏற்கமாட்டேன். குலுங்கினால் அது எகிறி யார் முகத்திலாவது விழும். அதன் அலைகள் அந்த விமானத்தின் கருவிகளோடு சேர்த்துச் சோதிக்கப்படாதவை. சூடேற்றப்படும் முகப்புக் கண்ணாடியின் உலோகப் பூச்சு அலையைத் தடுக்கவும் செய்யும். அதற்கு மின்சாரம் தரும் பவர் பேங்க் வேறு. 2025 ஜனவரி 28 அன்று தென்கொரியாவின் கிம்ஹே விமான நிலையத்தில் தரையில் நின்ற ஏர் பூசான் விமானம் எரிந்ததற்குப் பவர் பேங்க்தான் காரணமாகக் கருதப்பட்டது. ஆனால் முறையான வழியை மூடிவைத்துவிட்டு முறையற்ற வழியைத் தடுத்துவிடலாம் என்று நம்புவது பேதைமை. விமானியின் கையில் டேப்லெட் ஏற்கெனவே இருக்கிறது. 2013-லேயே அமெரிக்கன் ஏர்லைன்ஸ் காகித வரைபடங்களைக் கைவிட்டு ஐபேடுக்கு மாறிவிட்டது. அந்த டேப்லெட்டுக்கு விமானத்தின் சொந்த ஆன்டெனாவிலிருந்து இணைப்பு கொடுக்க வேண்டும், பணிக்கான செயலிகளைத் தவிர மற்றவற்றை மூட வேண்டும், பத்தாயிரம் அடிக்குக் கீழே அதையும் நிறுத்த வேண்டும். டெல்டா போன்ற நிறுவனங்கள் குலுக்கல் தகவலை இப்படி விமானிகளுக்குக் கொடுத்துவருகின்றன. முன்னால் போன விமானம் எங்கே எவ்வளவு குலுங்கியது என்பதை நிறுவனங்கள் தங்களுக்குள் உடனுக்குடன் பகிரும் திட்டத்தைச் சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கம் 2018-இல் தொடங்கியது. அந்தத் தகவல் தரையிலேயே தேங்கி நின்றால் யாருக்குப் பயன்?

கடைசியில் வருவது பணம். உண்மையில் இதுதான் முதல் காரணம் என்று நினைக்கிறேன், மற்றவை அதற்குப் போர்த்திய போர்வை. பயணிக்காக ஆன்டெனா பொருத்தப்பட்ட விமானத்தில் அந்தக் காரணமும் இல்லை. வானிலைப் படம் சில நூறு கிலோபைட். பயணி ஒருவர் பார்க்கும் காணொளியின் சில நொடிகள் அதைவிடக் கனமானவை. பயணிக்கு வைஃபை தர அனுமதி கேட்கும் ஒவ்வொரு விமானத்துக்கும், அதே இணைப்பில் விமானி அறைக்கு முதல் பங்கு என்ற நிபந்தனையை விமானப் போக்குவரத்து இயக்குநரகம் விதிக்க வேண்டும்.

ஆன்டெனா இல்லாத விமானங்களையும் விட்டுவிட முடியாது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மொட்டைமாடியில் துணி காயப்போடலாமா என்று முடிவெடுக்கச் சென்னைக்காரர்கள் வானிலைத் துறையின் டாப்ளர் ராடார் படத்தைக் கைபேசியில் திறக்கிறார்கள். அதே நாளில் தூத்துக்குடிக்குப் போகும் ஏ.டி.ஆர். விமானம், ஜெட்டைப் போல மேகத்துக்கு மேலே ஏறிப் பறக்க வலிமை இல்லாமல், அந்த மழைக்குள்ளேயே போகிறது. அதன் விமானிகளுக்கும் அந்தப் படம் வேண்டும். அதற்கான செலவை டிக்கெட்டில் சேர்த்தால், கொடுக்க மாட்டேன் என்று சொல்லும் பயணி ஒருவரையாவது காட்டுங்கள்.